புல் இருந்தும் மெலியும் மாடுகள்: குளிர்கால மேய்ச்சலில் புரதக் கணக்கு

அமெரிக்காவின் நெப்ராஸ்கா, மொன்டானா மேய்ச்சல் நிலங்களில் ஜனவரியிலும் புல் நிறைய நிற்கும். ஆனால் அது காய்ந்து வெளுத்த புல்; கச்சாப் புரதம் (நைட்ரஜன் அளவை வைத்துக் கணக்கிடும் மொத்தப் புரதம்) 4 முதல் 6 சதவீதம்தான். 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், நாரை உடைக்கும் ரூமன் (மாட்டின் முதல் இரைப்பை) நுண்ணுயிர்களுக்கே தீனி பத்தாது. தின்ற புல் செரிக்காமல் தங்கிவிடும், மாடும் மேய்வதைக் குறைத்துக்கொள்ளும். வயிறு நிறைந்தே தெரியும், முதுகெலும்பு மட்டும் துருத்திக்கொண்டு வரும். சாணம் கெட்டியாக, அடுக்கடுக்காக விழுந்தால் புரதம் குறைகிறது என்று சந்தேகப்படுங்கள்.

550 கிலோ எடையுள்ள நடுச்சினை மாடு நாளுக்குச் சுமார் 11 கிலோ உலர்புல் மேயும். 5 சதவீதப் புல்லில் அதற்குக் கிடைக்கும் புரதம் 550 கிராம். தேவையோ ஏறத்தாழ 770. மீதி 220 கிராமுக்கு 32 சதவீதப் புரதக் கட்டி 700 கிராம் போதும். இந்த இடத்தில் மலிவு என்று மக்காச்சோளத்தைக் கொட்டுவதுதான் பெரிய தவறு. அதில் புரதம் 9 சதவீதமே. அதிகமாகக் கொடுத்தால் மாவுச்சத்து நார் செரிமானத்தை இன்னும் கெடுக்கும். மூட்டை விலையை விட்டுவிட்டு, ஒரு கிலோ புரதம் என்ன விலைக்கு வருகிறது என்று பாருங்கள்.

மூட்டையின் சீட்டையும் படியுங்கள். 32 சதவீதம் என்று போட்டு, அதில் 12 யூரியாவிலிருந்து என்றிருந்தால், இயற்கைப் புரதம் 20தான். மாவுச்சத்து இல்லாத காய்ந்த புல்லில் யூரியா சரியாகப் பயன்படாது.

பருத்திக்கொட்டை, சோயாப் பிண்ணாக்குக் கட்டி என்றால் தினமும் வண்டி ஓட்ட வேண்டாம். வாரத்துக்கான 4.9 கிலோவை மூன்று நாளாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் 1.6 கிலோ வைக்கலாம். மிஞ்சும் நைட்ரஜனை உடல் உமிழ்நீர் வழியாக ரூமனுக்கே திருப்பி அனுப்பிக்கொள்ளும். யூரியா கலந்ததை மட்டும் இப்படி மொத்தமாக வைக்கவே கூடாது. தொட்டியில் மழைநீர் தேங்கி யூரியா கரைந்தாலும் ஆபத்துதான்: அதைக் குடித்த மாடு தசை நடுங்கி, நுரை தள்ளி, சில மணி நேரத்தில் செத்துவிடலாம். தாமதிக்க நேரமிருக்காது, கால்நடை மருத்துவரை உடனே கூப்பிடுங்கள். மொனென்சின் என்ற தீவன மருந்து கலந்த கட்டியைக் குதிரை எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். குதிரைக்கு அது விஷம்.

கட்டியை நீளமாகப் பரப்பிப் போடுங்கள். குவித்துப் போட்டால் முரட்டு மாடுகள் தின்றுவிடும், கிடாரிகளுக்கு ஒன்றும் மிஞ்சாது. கன்று ஈனும்போது 9க்கு 5 உடல்நிலை மதிப்பெண் (1 என்றால் எலும்பும் தோலும், 9 என்றால் மிகக் கொழுப்பு) வேண்டுமானால், இலையுதிர்காலத்தில் கன்று பிரித்ததுமே மாடுகளை மதிப்பிட்டுத் தொடங்க வேண்டும். கடைசி மூன்று மாதத்தில் மெலிந்ததை ஏற்றுவது கடினம், செலவும் அதிகம். இதெல்லாம் புல் இருக்கும்வரைதான். பனி மூடிவிட்டால் கட்டி காப்பாற்றாது, அறுத்துக் காயவைத்த தீவனப் புல்லைக் கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும்.