மலைக் காட்டேஜில் குளிருக்குக் கரி அடுப்பு: ஓர் அவசரப் பிரிவு மருத்துவரின் வேண்டுகோள்

கொடைக்கானலுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் பலர் இப்போது லாட்ஜை விட்டுவிட்டு, அடுப்படியோடு கூடிய தனிக் காட்டேஜாகத் தேடுகிறார்கள். காரணம் புரிகிறது. கைக்குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டும், அப்பாவுக்குச் சர்க்கரை, பத்துப் பேர் மூன்று வேளையும் வெளியே சாப்பிட்டால் கையைக் கடிக்கும். ஏரிப் பக்கத்திலிருந்து வில்பட்டி, பள்ளங்கி, அட்டுவம்பட்டி, பூம்பாறை, மன்னவனூர் வரை இப்படிப்பட்ட வீடுகள் கிடைக்கின்றன. ஒரு சிலிண்டர், ரெண்டு பர்னர் அடுப்பு, குக்கர், நாலு பாத்திரம், வாசலில் கேம்ப் ஃபயர் போட இடம். கேட்டால் பார்பிக்யூ அடுப்பும் ஒரு பை கரியும் கொண்டுவந்து கொடுப்பார்கள். நானும் என் குடும்பமும் மலைக்குப் போனால் இப்படித்தான் தங்குகிறோம். பிள்ளைகள் ஏரியைச் சுற்றி சைக்கிள் ஓட்டிவிட்டு வரும்போது வீட்டுக்குள் ரசம் கொதிக்கிற வாசனை வருவது தனிச் சுகம்.

ஆனால் அந்தப் பார்பிக்யூ அடுப்பைப் பற்றியும், குளியலறைச் சுவரில் மாட்டியிருக்கும் கேஸ் கீசரைப் பற்றியும் நான் பேசியாக வேண்டும். மலையடிவாரத்தில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். குளிர்காலத்திலும் தொடர் விடுமுறைகளிலும் எங்களிடம் வருகிறவர்களில் சிலர், வந்திருக்கவே வேண்டாதவர்கள். ராத்திரி படுக்கும்போது ஒரே ஒரு காரியத்தைச் செய்யாமல் இருந்திருந்தால் போதும்.

அந்தக் காரியம் இதுதான். சமையல் முடிந்து, சாப்பிட்டு முடித்ததும் குளிர் ஏறுகிறது. 2,100 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். வாசலில் கரி இன்னும் கனன்றுகொண்டிருக்கிறது. புகை இல்லை, சுடர் இல்லை, மேலே சாம்பல் பூத்திருக்கிறது. “இதை ரூமுக்குள்ள வெச்சா கதகதன்னு இருக்குமே” என்று யாரோ ஒருவர் தூக்கிக்கொண்டு வருகிறார். கதவையும் ஜன்னலையும் இறுக்கிச் சாத்திவிட்டு எல்லோரும் கம்பளிக்குள் போகிறார்கள்.

2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் இப்படித் தூங்கிய இளைஞர்கள் இரண்டு பேர் காலையில் எழுந்திருக்கவில்லை. 2020 ஜனவரியில் கேரளத்திலிருந்து நேபாளத்துக்குச் சுற்றுலா போனவர்களில் எட்டுப் பேர் தாமன் என்ற மலை ஊரில் விடுதி அறையில் கேஸ் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்கி இறந்தார்கள். அதில் நான்கு பேர் குழந்தைகள். இரண்டு சம்பவங்களிலும் தீப்பிடிக்கவில்லை, சிலிண்டர் வெடிக்கவில்லை. இந்த மாதிரிச் சாவுகளுக்குக் காரணம் கார்பன் மோனாக்சைடு.

எரிகிற எந்தப் பொருளுக்கும் போதுமான ஆக்சிஜன் கிடைக்காவிட்டால் இந்த வாயு உண்டாகும். நிறம் கிடையாது, மணம் கிடையாது, கண்ணை எரிக்காது, இருமலும் வராது. விறகு எரிந்தாலாவது புகை மூச்சை அடைத்து நம்மை வெளியே துரத்தும். கரி அப்படித் துரத்துவதில்லை. நீறு பூத்த கரியைப் பார்த்து “அணைஞ்சிருச்சு” என்று நினைக்கிறோம். உள்ளே அது மணிக்கணக்கில் கனன்றுகொண்டு இந்த வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். சுடர்விட்டு எரியும் நெருப்பைவிட, இப்படிக் கனலும் கரியை நான் அதிகம் அஞ்சுவது இதனால்தான்.

உடம்புக்குள் நடப்பது என்னவென்றால், ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்கிறது. பஸ்ஸில் சீட்டைப் பிடித்துவிட்டு, எந்த ஸ்டாப்பிலும் இறங்காத ஆளைப் போல. ஆக்சிஜனுக்கு இடமில்லை. மூளையும் இதயமும்தான் முதலில் அடி வாங்கும். அறைக் காற்றில் இந்த வாயு அதிகம் இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏழெட்டு மணி நேரம் சுவாசித்தாலே போதும். தூக்கம் அத்தனை நேரம் நீடிக்கிறது. மது குடித்துவிட்டுப் படுத்தவருக்குத் தலைவலி வந்து விழிப்புத் தட்டும் வாய்ப்பும் போய்விடுகிறது.

மலை இதை இன்னும் மோசமாக்குகிறது. கொடைக்கானல் உயரத்தில் காற்றழுத்தமே கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவு. அதாவது மூச்சுக்கு மூச்சு கிடைக்கிற ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. ஆரோக்கியமானவருக்கு அது தெரியாது. ஆனால் பர்னருக்கும் அதே மெலிந்த காற்றுதான், நமக்கும் அதே மெலிந்த காற்றுதான். இதய நோயுள்ள தாத்தா, கர்ப்பிணி, சின்னக் குழந்தை என்றால் தாங்கும் சக்தி இன்னும் குறைவு. வயிற்றில் இருக்கும் சிசுவின் ரத்தம் இந்த வாயுவைத் தாயின் ரத்தத்தைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தாய் தேறி உட்கார்ந்துவிட்டாலும் சிசு தேறிவிட்டது என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

வழக்கமாக எங்களிடம் எப்படி வருவார்கள் என்று சொல்கிறேன். காலை ஏழு, எட்டு மணி. ஒரு வேனில் ஐந்தாறு பேர். எல்லோருக்கும் தலைவலி, குமட்டல், ரெண்டு பேருக்கு வாந்தி, ஒருவருக்கு நடந்தால் கால் தள்ளாடுகிறது. “நைட்டு கிரில் பண்ண சிக்கன் சரியா வேகலை போல சார், ஃபுட் பாய்சன்” என்று அவர்களே நோயையும் சொல்லிவிடுவார்கள். இல்லையென்றால் கொண்டை ஊசி வளைவில் ஏறிவந்ததால் தலைசுற்றல் என்பார்கள். விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டினால் 98 காட்டும். கொரோனா காலத்தில் இருந்து இந்தக் கருவி எல்லோர் வீட்டிலும் இருப்பதால், 98 என்றதும் குடும்பமே நிம்மதியாகிவிடுகிறது.

அந்த 98 பொய். பெரும்பாலான பல்ஸ் ஆக்சிமீட்டர்களுக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டையும் நல்ல ரத்தமாகவே எண்ணிக் கணக்குச் சொல்லும். அதற்கென்று உள்ள ரத்தப் பரிசோதனையில்தான் உண்மை தெரியும், அந்த வசதி எல்லா இடத்திலும் இருக்காது. அதனால் நான் நம்புவது ஒரு கேள்வியைத்தான்: “ராத்திரி ரூமுக்குள்ள என்ன எரிஞ்சுது?”

அந்தக் கேள்விக்கு முதலில் “ஒண்ணும் எரியலையே” என்றுதான் பதில் வரும். கரி அணைந்துவிட்டதாக அவர்கள் நினைப்பதால், அது கணக்கிலேயே வருவதில்லை. கூட வந்த பையன் ஒருவன் மெதுவாக, “பாட்டிக்குக் குளுருதுன்னு அந்த அடுப்பக் கட்டிலுக்குப் பக்கத்துல வெச்சோமே” என்பான். அதற்கப்புறம் எல்லாம் புரிந்துவிடும். பாட்டிக்குத்தான் நிலைமை மோசமாக இருக்கும். வாசல் பக்கம் படுத்தவர் ஓரளவு தெளிவாக இருப்பார்.

ஆகவே இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் இல்லாமல், ஒரே வீட்டில் படுத்த பல பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால், வெளியே வந்து நின்றதும் கொஞ்சம் குறைந்து, உள்ளே போனதும் கூடினால், சாப்பாட்டைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் அறையைச் சந்தேகப்படுங்கள்.

சமாதானங்கள் நிறைய கேட்டிருக்கிறேன். “ஜன்னல ஒரு விரக்கடை தெறந்து வெச்சோம்.” அது போதாது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைப் பொறுத்து அந்த இடுக்கால் பயனே இல்லாமல் போகலாம். “வாளியில தண்ணி வெச்சோம்.” இந்த வாயுவைத் தண்ணீர் இழுத்துக்கொள்ளாது. “மேல லாஃப்ட்டுலதான படுத்தோம்.” கார்பன் மோனாக்சைடு காற்றைவிடச் சற்று லேசானது, அறை முழுக்கக் கலந்து நிற்கும், சூட்டோடு மேலேயும் ஏறும். முக்கோண வடிவ மரக் காட்டேஜ்களில் மேல்தட்டில் பிள்ளைகளைப் படுக்க வைக்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். கூடாரத்துக்கும் இதே கதைதான். துணிதானே என்று உள்ளே கரி அடுப்பை வைக்கக் கூடாது. கரி அடுப்பு படுக்கையறைக்குள் வரவே கூடாது. இதில் நான் எந்த விட்டுக்கொடுப்பும் செய்ய மாட்டேன்.

அடுத்தது கேஸ் கீசர். கரியைப் பற்றியாவது இப்போது செய்திகளில் வருகிறது. கீசரைப் பற்றிப் பேச்சே இல்லை.

சமையல் கேஸ் கசிந்தால் நாற்றம் அடிக்கும், அதற்கென்றே அதில் மெர்காப்டன் என்ற பொருளைக் கலக்கிறார்கள். ஆனால் எரிந்து முடிந்த கேஸில் அந்த நாற்றம் இருக்காது. விலை குறைந்த கீசர்களில் புகைபோக்கிக் குழாய் கிடையாது. எரிந்த காற்று முழுவதும் குளியலறைக்குள்ளேயே இறங்கும். நாலடிக்கு ஆறடிக் குளியலறை, குளிருக்காக வென்டிலேட்டரில் அட்டையைச் செருகி அடைத்திருப்பார்கள், கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கும். அந்தச் சின்ன இடத்தில் இருக்கிற ஆக்சிஜனை பர்னர் தின்னத் தின்ன, தீ சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு கூடிக்கொண்டே போகும். குடும்பமாகத் தங்கும்போது இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒருவர் மாற்றி ஒருவர் குளிப்பார்கள், கீசர் நிற்காமல் ஓடும். எல்லோரையும் குளிக்க அனுப்பிவிட்டுக் கடைசியாகப் போகிறவருக்குத்தான் அதிக நஞ்சு. நம் வீடுகளில் அது பெரும்பாலும் அம்மா.

அங்கே மயங்கி விழுந்தால் தாழ்ப்பாளை உடைத்துத்தான் தூக்க வேண்டும். சிலருக்கு வலிப்பும் வரும். கேஸ் கீசர் உள்ள குளியலறையில் மட்டும் வலிப்பு வந்தவர்களைப் பற்றி நம் நாட்டு நரம்பியல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். காக்காய் வலிப்பு என்று முடிவு கட்டுவதற்கு முன் அந்தக் குளியலறையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

தங்குகிற இடத்தில் கேஸ் கீசர்தான் என்றால், கதவைத் திறந்து வைத்தபடி வாளியில் வெந்நீரைப் பிடியுங்கள், கீசரை அணையுங்கள், சில நிமிடம் காற்றோட விட்டுவிட்டு அப்புறம் குளிக்கப் போங்கள். ஷவரை ஓடவிட்டுக்கொண்டு நெடுநேரம் நிற்க வேண்டாம். கீசரின் தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தாலோ, மேல்சுவரில் கரி படிந்திருந்தாலோ, அதைத் தொடாதீர்கள். அடுப்பில் ஒரு அண்டாத் தண்ணீர் சுட வைத்துக்கொள்ளலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

பழைய பங்களாக்களில் இருக்கும் கணப்புக்குப் புகைபோக்கி உண்டு, அது ஒழுங்காக இழுத்தால் பயமில்லை. பல வருடம் எரிக்காத கணப்பில் பறவைக் கூடு அடைத்திருக்கலாம். பற்ற வைத்ததும் புகை அறைக்குள் திரும்பினால் அணைத்துவிடுங்கள். நன்றாக இழுத்தாலும் படுக்கும் முன் அணைத்துவிடுவது நல்லது. கரண்ட் போனால் ஓட்டுகிற ஜெனரேட்டரை ஜன்னலுக்குக் கீழே வைக்கக் கூடாது.

யாராவது மயங்கிக் கிடந்தால் முதலில் கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் ஆளை வெளியே இழுத்து வாருங்கள். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொள்வதால் இந்த வாயு தடைபடாது. உள்ளே நின்று மோர் கொடுக்கவும் முகத்தில் தண்ணீர் தெளிக்கவும் முயன்றால் காப்பாற்றப் போனவரும் விழுவார். 108-ஐக் கூப்பிட்டு, கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம், ஆக்சிஜன் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். சாதாரணக் காற்றில் இந்த வாயு ரத்தத்தில் பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியே முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் அந்த அளவுக்குக் குறையும். ஆகவே நேராக மதுரைக்கோ தேனிக்கோ கிளம்பிவிடாதீர்கள். மலை இறங்கவே ரெண்டு மணி நேரம் போய்விடும். கொடைக்கானல் அரசு மருத்துவமனையில் முதலில் ஆக்சிஜனைத் தொடங்கிவிட்டு, தேவையென்றால் அங்கிருந்து அனுப்பட்டும். அதே அறையில் படுத்திருந்தவர் வண்டி ஓட்டக் கூடாது, “எனக்கு ஒண்ணும் இல்லைண்ணே” என்று அவர் சொன்னாலும்.

தேறி வீட்டுக்குப் போனவர்களுக்குச் சில நாள், சில வாரம் கழித்து மறதி, நடை தடுமாற்றம், குணத்தில் மாற்றம், பேச்சுக் குறைவு வரலாம். வயதானவருக்கு வந்தால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். கொடைக்கானலில் நடந்ததைச் சொல்லி நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

காட்டேஜ் நடத்துகிறவர்களிடமும் ஒரு கோரிக்கை. படுக்கையறை ஒவ்வொன்றிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்கள். புகை அலாரம் வேறு, கேஸ் கசிவு அலாரம் வேறு. அவை இரண்டும் இதைக் கண்டுபிடிக்காது. இங்கிலாந்தில் விறகு, கரி எரிக்கிற அறை உள்ள வாடகை வீடுகளில் 2015 முதல் இந்த அலாரம் கட்டாயம். ஒரு பீக் சீசன் நாள் வாடகைக்குள் வாங்கிவிடலாம். சென்சாருக்கு ஆயுள் உண்டு, காலாவதித் தேதியைப் பார்த்து மாற்ற வேண்டும். கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான சுவரில் மாட்டி, குழாயை மட்டும் உள்ளே விடுங்கள். கரி கொடுக்கும்போதே ஒரு தகர வாளி மணலும் கொடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு காட்டேஜில் பார்த்துக்கொள்கிற அண்ணன், ராத்திரி எத்தனை மணியானாலும் வந்து அடுப்பைத் தானே தூக்கிக்கொண்டு போய்த் தன் ஷெட்டில் வைத்துப் பூட்டிவிடுவார். “குளிருதுண்ணே, இருக்கட்டும்ணே” என்று எத்தனை பேர் கெஞ்சினாலும் கொடுப்பதில்லை. ரெண்டு கம்பளி அதிகமாகக் கொடுத்துவிட்டுப் போகிறார். எல்லா முதலாளிகளும் இப்படி ஒருவரை வேலைக்கு வைத்து, கம்பளிக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும்.