தமிழ்ப் பெயர்ப் பட்டியலுக்கு வெறும் சார்ட் (sort) போதாது

பெங்களூரில் எங்கள் டீமில் தமிழர்கள் நிறைய. ஆனாலும் கோட் ரிவ்யூவுக்கு வரும் ஜாவாஸ்கிரிப்டில், பெயர்களை வரிசைப்படுத்தும் இடத்தில் வெறும் சார்ட் மெத்தடைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். டெஸ்ட் டேட்டா முழுக்க ஆங்கிலப் பெயர்கள் என்பதால் தவறு யார் கண்ணிலும் படுவதில்லை.

எப்படி ஒப்பிடுவது என்று எதையும் சொல்லாமல் சார்ட் போட்டால், அரேயில், அதாவது பட்டியலில், இருப்பதையெல்லாம் அது ஸ்ட்ரிங்காக, வெறும் எழுத்துத் தொடராக, எடுத்துக்கொண்டு, கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் உள்ள யூனிகோட் எண்ணை வைத்து ஒப்பிடும். 90, 100, 1000 என்ற கட்டணங்கள் 100, 1000, 90 என்று வருவது இதனால்தான். எண்களுக்கு ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துத் தரும் ஃபங்ஷன் போதும்.

தமிழுக்கு அது உதவாது. யூனிகோடில் ன, ந-வுக்கு அடுத்து இருக்கிறது. ஜ, ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில். நம் அகராதியில் ன 18 மெய்களில் கடைசி, ஜ அதற்கும் பின்னால். அல்சூரில் நடக்கும் வார இறுதித் தமிழ் வகுப்புக்குப் பதிவுப் பக்கம் எழுதிய ஒரு தம்பியின் திரையில் கனகா, கமலா, ஜெயந்தி, வள்ளி என்று இருந்தது. வர வேண்டியது கமலா, கனகா, வள்ளி, ஜெயந்தி. அகரவரிசை கற்க வரும் பிள்ளைகளுக்கு முன்னால் தப்பான வரிசையை வைக்கலாமா?

“அண்ணா, நாமே எழுத்து வரிசையை அரேயாக எழுதி ஒப்பிடலாமா?” என்று கேட்டான். தேவையே இல்லை. மொழிக்கேற்ப ஒப்பிடும் லோகேல்கம்பேர் (localeCompare) மெத்தடைச் சார்ட்டுக்குள் கொடுத்து, மொழிக்குத் தமிழின் இரண்டெழுத்துக் குறியீடான ta-வைச் சொன்னால் முடிந்தது. பட்டியல் பெரிதென்றால், அதே ஒப்பீட்டைச் செய்யும் இன்ட்ல் கொலேட்டரை (Intl.Collator) ஒரு முறை உருவாக்கி, அதன் கம்பேரையே சார்ட்டுக்குக் கொடுங்கள், வேகமாக இருக்கும்.

இன்னொன்று, இதைவிடப் பெரிய ஆபத்து. சார்ட் புதுப் பட்டியல் தராது, இருக்கும் அரேயையே மாற்றிவிடும். வரிசையைத் திருப்பும் ரிவர்ஸ், நடுவில் நீக்கவோ சேர்க்கவோ உதவும் ஸ்ப்ளைஸ் இரண்டும் அப்படியே. முதலில் பதிந்தவருக்கு முதலில் இடம் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். பெயர்வாரியாகக் காட்டப் போட்ட சார்ட், யார் முதலில் வந்தார் என்ற தடத்தையே அழித்துவிட்டது. திரைகளை உருவாக்கும் ரியாக்ட் லைப்ரரியில், ஸ்டேட்டை, அதாவது திரை காட்டும் தரவை, இப்படி மாற்றி அதே அரேயைத் திருப்பிக் கொடுத்தால் திரையும் புதுப்பிக்காது. ஜாவாஸ்கிரிப்டின் 2023 பதிப்பில் வந்த டூசார்ட்டட் (toSorted), மூலத்தைத் தொடாமல் புது அரே தருகிறது. பழைய பிரவுசர்களுக்கு ஸ்லைஸ் (slice) போட்டு நகலெடுத்து, பிறகு சார்ட்.

அந்தத் தம்பியின் டெஸ்ட் டேட்டாவில் இப்போது ன, ழ, ஜ வரும் பெயர்களும் இருக்கின்றன. உங்களுடையதிலும் சேருங்கள்.