உடனொளிர் உணரி

‘ஒளிரும் மூலக்கூறு உணர்கருவி’ என்று இன்னொரு மொழிபெயர்ப்பிலும் படித்துவிட்டேன். உலோக அயனிகளைக் கண்டறியும் புளோரசன்ட் மாலிக்குலர் சென்சாருக்கு வைத்த பெயராம். ‘மூலக்கூறு’ சரி, மற்ற இரண்டும் தவறு.

புளோர்ஸ்பார் என்ற கனிமத்தின் பெயரை வைத்து 1852இல் இயற்பியலாளர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் உண்டாக்கிய சொல் புளோரசன்ஸ். அதன் வேர் ‘பாய்தல்’ எனும் லத்தீன் வினை. உலோகத்தை உருக்கி ஓடவைக்க அந்தக் கனிமத்தைச் சேர்ப்பார்கள். வேரில் ஒளியே இல்லை. ஆகவே வேரைப் பெயர்க்காமல் நிகழ்வைத்தான் பெயர்க்க வேண்டும்.

‘ஒளிரும்’ என்றால் மின்மினியும் ஒளிர்கிறது. அதற்கு வெளியிலிருந்து ஒளி வேண்டாம், புளோரசன்ஸுக்கு வேண்டும். குயினைன் கலந்த டானிக் வாட்டர் மேல் இருட்டில் புற ஊதா டார்ச்சை அடித்துப் பாருங்கள்: நீலம் பூக்கும். டார்ச்சை அணைத்த கணமே போய்விடும். ‘உடனொளிர்வு’ என்ற சொல் இதை அப்படியே சொல்கிறது. ‘உடன்’ என்பதில் கூடவே, உடனே என்ற இரண்டு பொருளும் இருக்கின்றன. அணைத்த பிறகும் நீடிப்பது நின்றொளிர்தல், அது வேறு. அந்த டானிக் வாட்டரில் கொஞ்சம் உப்பைப் போட்டால் நீலம் மங்கும். குளோரைடு உலோக அயனி அன்று, ஆனாலும் அயனி வந்ததை ஒளி சொல்லிவிடுகிறது.

அப்புறம் ‘கருவி’. இதுதான் எனக்குத் தாங்கவில்லை. இதைப் படித்த ஒரு மாணவி, “அந்தக் கருவி எந்த ஆய்வகத்தில் இருக்கிறது?” என்று கேட்டார். தவறு அவருடையதன்று. உணர்வது அந்த மூலக்கூறேதான். ஆந்த்ரசீன் என்ற ஒளிரும் மூலக்கூறோடு நைட்ரஜன் உள்ள ஒரு வளையத்தை இணைப்பார்கள். ஒளிபட்டதும் நைட்ரஜனின் எலக்ட்ரான் ஆந்த்ரசீனுக்குத் தாவி ஒளிர்வை அவித்துவிடும். வளையத்துக்குள் ஓர் உலோக அயனி வந்து உட்கார்ந்தால் அந்த எலக்ட்ரான் கட்டுண்டுபோகும்; ஒளி வரும். இலங்கையிலிருந்து வந்து பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வேதியியலாளர் பிரசன்ன டி சில்வா வளர்த்தெடுத்த வழி இது. வேதியியலாளர் ரோஜர் சியென் குழு 1985இல் வெளியிட்ட ஃபியூரா-2 என்ற மூலக்கூறு உயிருள்ள செல்லுக்குள் போய்க் கால்சியத்தைக் காட்டுகிறது. செல்லுக்குள் போவதைக் கருவி என்றால் படிப்பவர் மனத்தில் என்ன படம் வரும்?

‘வினையூக்கி’ என்கிறோம், வினையூக்கக் கருவி என்பதில்லை. பினாப்தலீனை ‘நிறங்காட்டி’ என்கிறோம். ஊக்குவது ஊக்கி, காட்டுவது காட்டி, உணர்வது உணரி. இகர விகுதி பொருளுக்கும் பொருந்தும், பொறிக்கும் பொருந்தும். பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கும் இந்த வாய்பாட்டை விட்டுவிட்டு, சென்சார் என்றதும் கருவி என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லைப் பார்க்கிறார்கள், பொருளைப் பார்ப்பதில்லை. நான் ‘உலோக அயனி உடனொளிர் உணரி’ என்றே எழுதுகிறேன். அதன் ஒளியை அளக்கும் பெட்டி இருக்கிறதே, ‘கருவி’யை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.