பத்துக்குப் பத்து அறையில் பேஸ் எங்கே போகிறது?

சாலிகிராமத்திலோ வடபழனியிலோ வாடகை அறையில் ஒரு லேப்டாப்பும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வைத்து எலக்ட்ரானிக் இசை செய்யத் தொடங்குகிற யாரும் சீக்கிரமே மாட்டிக்கொள்கிற சிக்கல் ஒன்று உண்டு. ராத்திரி முழுக்க உட்கார்ந்து பல ஒலிகளைச் சேர்த்து மிக்ஸ் செய்த ட்ராக், அறையில் கேட்டால் அளவாக இருக்கிறது. நண்பரின் காரில் போட்டால் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, கதவை உலுக்குகிறது. மொபைலில் போட்டால் பேஸ் என்ற ஒன்றே காணோம். உடனே பழி ஸ்பீக்கர் மேல் விழும், அடுத்த நடை எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு. காசைக் கொடுக்கும் முன் அறையைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

சென்னையின் 30 டிகிரி சூட்டில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது. பத்தடி அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 3.05 மீட்டர்தான். ஓர் அலையின் பாதி நீளம் சரியாக இந்த இடைவெளியில் அடங்கிவிட்டால், சுவரில் மோதித் திரும்பும் அலையும் புதிதாக வரும் அலையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து நிலை அலை உண்டாகிறது. கணக்குப் போட்டால் அந்த அதிர்வெண் ஏறக்குறைய 57 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 57 அதிர்வு. கிக் என்கிற ட்ரம் அடியும் பேஸும் குடியிருக்கிற வட்டாரமே அதுதான். நிலை அலையில் சுவரோரம் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், நட்ட நடுவில் கிட்டத்தட்ட ஒன்றும் இருக்காது. கூரையும் பத்தடி உயரம் என்றால் மூன்று திசையிலும் அதே 57. பேஸுக்கு இதைவிடப் பொல்லாத வடிவம் கிடைப்பது கஷ்டம்.

சந்தேகமாக இருந்தால் சோதித்துப் பாருங்கள். ஸ்பீக்கர் அவ்வளவு கீழே இறங்கக்கூடியது என்றால், சின்தசைசரில் 57 ஹெர்ட்ஸ் சைன் அலை, அதாவது ஒரே அதிர்வெண் கொண்ட சுத்தமான ஒலி ஒன்றை ஓடவிட்டு, அறை நடுவிலிருந்து மூலைக்கு மெதுவாக நடந்து போங்கள். நடுவில் இருக்கிறதா இல்லையா என்று தோன்றும் அதே ஒலி, மூலைக்குப் போனால் பீரோ கதவைக் கடகடக்க வைக்கும். நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர், பேஸ் போதவில்லை என்று அதன் ஒலியளவை மாற்றும் ஃபேடரை ஏற்றிக்கொண்டே போகிறார். காரில் அதிர்வது அந்த ஏற்றம்தான்.

சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டுவது நம்மூரில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. 57 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஆறு மீட்டருக்கும் மேல். பஞ்சோ நுரையோ அதை நன்றாக உறிஞ்ச, கால் அலைநீளம், அதாவது ஒன்றரை மீட்டர் அளவுக்குத் தடிமன் வேண்டும். அட்டை என்ன செய்யும் பாவம்? நாற்காலியை நடுவிலிருந்து நகர்த்துவது காசில்லாத வைத்தியம். முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு தள்ளி உட்கார்ந்து தொடங்கலாம். அப்புறம் பேஸை மட்டும் ஹெட்போனிலும் ஒருமுறை கேட்டுவிடுங்கள், அதில் அறையே கிடையாது.

சரி, அறையைச் சமாளித்தாயிற்று. அடுத்தது காது. உட்காதில் நத்தை ஓடுபோலச் சுருண்ட காக்ளியாவுக்குள் சுமார் 35 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு சவ்வு இருக்கிறது. அதன் வாசல் பக்கம் கீச்சொலிக்கும், உள்முனை தாழ்ந்த ஒலிக்கும் அதிர்கிறது. இதைக் கண்டு சொன்ன ஜியார்ஜ் வான் பேகேஷிக்கு 1961-ல் நோபல் பரிசு கிடைத்தது. 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே, ஒன்றுக்கொன்று சுமார் 100 ஹெர்ட்ஸ் இடைவெளிக்குள் வரும் ஒலிகள் இந்தச் சவ்வில் ஏறக்குறைய ஒரே இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அப்போது பலமானது மெலிந்ததை மறைத்துவிடும். மாஸ்கிங் என்பது இதுதான்.

தாழ்ந்த ஸ்தாயியில் கார்டு போட்டால் மிக்ஸ் சேறாவதற்கும் இதே காரணம். 65 ஹெர்ட்ஸில் ஸட்ஜமும் 82 ஹெர்ட்ஸில் அந்தர காந்தாரமும் சேர்ந்து ஒலித்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 17 முறை நொடிக்கு ஒலி ஏறி இறங்கும். காதுக்கு அது வெறும் கரகரப்பு. அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் எவ்வளவு செதுக்கினாலும் போகாது. காந்தாரத்தை இரண்டு ஸ்தாயி மேலே தூக்கி வைத்தால் ஒரு நொடியில் போய்விடும். மிக்ஸிங் தொல்லை என்று நாம் புலம்புவதில் பாதி, ஸ்வரம் வைத்த இடத்தின் தொல்லை. சைட்செயினும் அப்படித்தான்: கிக் விழும்போதெல்லாம் கம்ப்ரெஸர் பேஸை ஒரு கணம் அமுக்கி வழிவிடச் செய்கிறது. பேஸ் நோட்டையே கிக்குக்கு அரை பீட் தள்ளி வைத்தால் அந்த வேலை இலவசமாக நடக்கும். முதலில் நோட்டை நகர்த்துங்கள், ப்ளக்-இன் பிறகு வரட்டும் என்பது என் கட்சி.

கிக்குக்கும் சுருதி உண்டு என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். மிருதங்கக்காரர் சுருதி சேர்க்காமல் மேடையில் வாசிப்பாரா? வெறும் தோலில் அடிச்சுரத்தோடு சேர்ந்து எழும் மேற்சுரங்கள் முழு எண் விகிதத்தில் அமைவதில்லை. வலந்தலையின் நடுவில் இருக்கும் கருப்புப் பூச்சு அவற்றை ஒழுங்குபடுத்துவதால்தான் மிருதங்கத்துக்குத் தெளிவான சுருதி கிடைக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி.ராமன் 1920-லேயே ‘நேச்சர்’ இதழில் நம் தோல் வாத்தியங்களின் இந்த ஒழுங்கைப் பற்றி எழுதியிருக்கிறார். கிக் சாம்பிள் மேலிருந்து சரிந்து வந்து 58 ஹெர்ட்ஸில் நின்று, பேஸ் 55-ல் ஒலித்தால், நொடிக்கு மூன்று முறை அலையடிக்கும். சாம்பிளின் பிட்சை அரை ஸ்வரம் இறக்கினால் அடங்கிவிடும்.

சத்தத்தை வைக்கும் அளவும் ஏமாற்றும். தாழ்ந்த ஒலிகளை, அளவு குறையக் குறைய, நம் காது மற்றவற்றைவிட வேகமாகக் கைவிடுகிறது என்று ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-ல் அளந்து காட்டினார்கள். அதனால் அலறவிட்டு மிக்ஸ் செய்தால் பேஸ் தாராளமாக இருப்பதாகத் தோன்றும். பக்கத்தில் ஒருவரோடு சாதாரணமாகப் பேசக்கூடிய அளவில் வைத்து வேலை செய்வது நல்லது, வீட்டு ஓனரும் சந்தோஷப்படுவார்.

மொபைல் விஷயம் பாக்கி இருக்கிறது. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் 55 ஹெர்ட்ஸைத் தரவே முடியாது. ஆனால் 220, 275, 330, 385 ஆகிய மேற்சுரங்கள் கேட்டால் போதும், ஒவ்வொன்றுக்கும் இடையே 55 இருப்பதிலிருந்து மூளை இல்லாத அடிச்சுரத்தைத் தானே போட்டுக்கொள்கிறது. சுத்தமான சைன் பேஸில் இந்த மேற்சுரங்கள் இல்லை, அதனால்தான் மொபைலில் அது காணாமல் போகிறது. சாச்சுரேஷன், அதாவது ஒலியை லேசாகச் சிதைக்கும் வேலை, கொஞ்சம் சேர்த்தால் அவை முளைக்கும். மொபைலில் பேஸின் மெட்டு புரிகிற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் 200 ஹெர்ட்ஸுக்கு மேலே பாடுகிறவரின் குரலோடு பேஸ் மல்லுக்கு நிற்கும்.