படத்தின் ஓரத்தில் நிற்பவர்கள்: பழைய சென்னைத் துறைமுகப் புகைப்படங்களைப் படிப்பதும் காப்பதும்

பழைய சென்னையின் துறைமுகக் காட்சிகள் என்று கைப்பேசிகளில் சுற்றிவரும் படங்களில் பல, மூலப் படத்தின் ஒரு துண்டு மட்டுமே. கட்டடமோ கப்பலோ நடுவில் வரும்படி நான்கு பக்கமும் வெட்டி, மங்கலைத் துடைத்து, நிறம் ஏற்றி, ஏதோ ஓர் ஆண்டைக் கீழே எழுதிப் பகிர்ந்துவிடுகிறார்கள். பழைய புகைப்படங்களைப் பாதுகாத்து அவற்றுக்கு விவரக்குறிப்பு எழுதும் பணியில் இருக்கும் எனக்கு, இந்த வெட்டுதலில் முதலில் காணாமல் போகிறவர்கள் யார் என்பது நன்றாகத் தெரியும். மூட்டை இறக்கிவிட்டு மூச்சு வாங்கியவர், மாட்டு வண்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தவர், தலையில் கூடையோடு கடந்துபோன பெண், கட்டுமரத்தின் மேல் ஏறி நின்று கேமராவை வியப்போடு பார்த்த சிறுவன் ஆகியோர் எல்லாரும் ஓரங்களில்தான் இருந்தார்கள். படம் எடுத்தவர் அவர்களுக்காகக் கேமராவைத் திருப்பவில்லை. ஆனாலும் அந்த ஊர் அன்றாடம் எப்படி இயங்கியது என்பதற்கு இன்று நமக்கு மிஞ்சியிருக்கும் சாட்சியில் பெரும்பகுதி அந்த ஓரங்களில்தான் பதிந்திருக்கிறது.

சென்னையின் படங்களைப் படிக்க வேண்டுமானால், இந்த ஊருக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் துறைமுகம் என்ற ஒன்றே இல்லை என்பதை முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இடம் பெற்ற இந்தக் கரை, ஆறோ வளைகுடாவோ மறைப்பு தராத திறந்த மணற்கரை. கப்பல்கள் கரையோர அலைகளுக்கு அப்பால் ஆழமான நீரில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் கரைக்கு வருவதற்குச் சலங்கு என்றும் மசூலா என்றும் சொல்லப்பட்ட படகுகளை விட்டால் வேறு வழி கிடையாது. ஆணியே அடிக்காமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. இறுக்கமாக ஆணி அடித்த படகு மோதி உடைந்துவிடும் இடத்தில், தைத்த படகு வளைந்து கொடுத்து அலையைக் கடந்துவிடும். தண்டு வலிப்பவர்களும் சுக்கான் பிடிக்கும் தண்டலும் ஒரே தாளத்தில் இயங்க வேண்டும். உள்ளே புகுந்த நீரை ஒருவர் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். படகு கவிழ்ந்தால் மீட்பதற்காகக் கட்டுமரக்காரர்கள் பக்கத்திலேயே வருவார்கள். கவர்னர்களும் நீதிபதிகளும் பாதிரியார்களும் வணிகர்களும் இந்த மண்ணில் கால் வைத்தது இந்த உழைப்பாளிகளை நம்பித்தான்.

ஆனால் 1850-களிலும் 1860-களிலும் எடுக்கப்பட்ட படங்களில் இந்தப் படகுகள் பெரும்பாலும் மணலில் ஏற்றப்பட்டு நிற்கின்றன. படகோட்டிகள் அருகில் கைகட்டி நிற்கிறார்கள். இதைப் பார்த்துவிட்டு, "அந்தக் காலத்தில் என்ன நிதானமான வாழ்க்கை!" என்று வியப்பவர்கள் உண்டு. அந்த நிதானம் தொழில்நுட்பம் விதித்தது. அன்று பயன்பட்ட ஈரத்தட்டு முறையில், கண்ணாடித் தட்டின் மேல் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் நனைத்து, அது காய்வதற்குள் படம் எடுத்து, உடனே கழுவியும் விட வேண்டும். கடற்கரை வெயிலிலும் காற்றிலும் இருட்டுக் கூடாரம் ஒன்றைக் கூடவே தூக்கிச் சென்றுதான் இதைச் செய்ய முடியும். ஒளி பதிவதற்குப் பல விநாடிகள் பிடிக்கும். அதற்குள் அசைந்தவர் புகைபோல ஆகிவிடுவார், அல்லது படத்தில் இல்லாமலே போய்விடுவார். ஆகவே கேமராவுக்கு முன் நின்றவர்கள் நிற்கச் சொல்லப்பட்டவர்கள். அந்தக் காலப் படங்களில் வெறிச்சோடிக் கிடப்பதுபோலத் தெரியும் கடற்கரைச் சாலைகள் பலவற்றில் உண்மையில் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள் என்பதைப் பெரிதாக்கிப் பார்த்தால் கண்டுகொள்ளலாம்: தரையில் ஒரு மங்கல் கோடு, தலையில்லாத இரு பாதங்கள், பாதி கரைந்துபோன ஒரு வண்டிச் சக்கரம் எனத் தடயங்கள் கிடக்கும். 1880-களில் உலர்தட்டுகள் பரவிய பிறகுதான் அலையின் மேல் ஏறும் படகும் ஓடும் ஆளும் உருக்குலையாமல் பதிவாகத் தொடங்கினார்கள். "மங்கலைச் சரிசெய்கிறேன்" என்று மென்பொருளில் இந்தத் தடயங்களை அழிப்பவர்கள், அழுக்கென்று நினைத்து மனிதர்களைத் துடைத்துவிடுகிறார்கள் என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

படத்தின் காலத்தைக் கணிப்பதற்கும் ஓரங்களே துணை. கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் தெரிந்தால் அது 1861-க்குப் பிந்தைய படம். செயற்கைத் துறைமுகத்துக்கான வேலை 1870-களின் நடுவில் தொடங்கியது; கான்கிரீட் பாளங்களால் எழுப்பிய இரண்டு அலைத்தடுப்புச் சுவர்களும் ஏறத்தாழ முடிந்திருந்த வேளையில், 1881 நவம்பரில் வீசிய புயல் அவற்றைச் சிதைத்தது. முதலில் கிழக்கே பார்த்திருந்த நுழைவாயில், 1904-க்குப் பிறகு பொறியாளர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறுப்பில் நடந்த மாற்றங்களில் மூடப்பட்டு, வடகிழக்கில் புதிய வாயில் அமைக்கப்பட்டது. ஆகவே கப்பல் எந்தப் பக்கமாக உள்ளே வருகிறது என்பதே ஒரு காலக்குறிப்பு. கலங்கரை விளக்கமும் அப்படித்தான். 1844-ல் எழுந்த கருங்கல் தூண் மட்டும் தனியே நின்றால், அது 1892-ல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றம் எழுவதற்கு முந்தைய காட்சி. நீதிமன்றத்தின் உச்சிக் கோபுரத்தில் விளக்கு ஏறியது 1894-ல். சாலையில் மின்சார டிராமின் தண்டவாளம் தெரிந்தால் 1895-க்குப் பின். துறைமுகத்தின் மேல் கரும்புகை எழுந்து எண்ணெய்த் தொட்டி எரிவதுபோல இருந்தால், 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் குண்டு வீசியதற்குப் பிறகான படமா என்று பார்க்கலாம். பொதுத் தலைமை அஞ்சலகம் 1884-ல் வந்தது. இவற்றில் எதுவும் படத்தின் நடுவில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தொலைவில் ஒரு முனையாகத் தெரிந்தாலும் போதும். வெட்டி எறிந்த ஓரத்தில்தான் அந்த முனை இருந்திருக்கும்.

இன்னொரு பெரிய சாட்சி மணல். அலைத்தடுப்புச் சுவர் எழும்பியதும், கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் தடைபட்டுத் தெற்கே குவிந்தது. இன்று நாம் பார்க்கும் மெரினாவின் அகலம் அப்படி வளர்ந்ததே. வடக்கே ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரையிலான கரையோ மணல் வரத்து நின்றுபோய் அரிக்கப்பட்டது. துறைமுகத்துக்கு முந்தைய படங்களில் கடல் கோட்டைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பார்ப்பவர்கள் திகைப்பார்கள். இன்றைய ராஜாஜி சாலையான அன்றைய கடற்கரைச் சாலையில், அலுவலகங்களின் முன்வாசலுக்கு எதிரிலேயே மணலும் படகுகளும் இருக்கின்றன. வடசென்னை மீனவக் குடும்பங்கள் "எங்கள் தாத்தா காலத்தில் கடல் எங்கோ இருந்தது" என்று சொல்வதை வெறும் நினைவு என்று ஒதுக்குபவர்களுக்கு, ஒரே இடத்திலிருந்து வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த படங்கள் அளந்து காட்டக்கூடிய ஆதாரமாக அமையும். அதற்காகவேனும் அவை வெட்டப்படாமல் இருக்க வேண்டும்.

நிறம் ஏற்றுவதைப் பற்றி நான் அடிக்கடி கேட்கப்படுகிறேன். நிறம் ஏற்றுவது புதிய பழக்கமன்று. 1850-களின் தொடக்கத்தில் சென்னையைப் படம் பிடித்த பிரெடரிக் ஃபீபிக்கின் உப்புத்தாள் அச்சுகளே கையால் வண்ணம் தீட்டப்பட்டவை. ஆயினும் இன்றைய மென்பொருள் செய்வது ஊகம் என்பதைப் பார்ப்பவர் அறிந்திருக்க வேண்டும். ஈரத்தட்டுக்கு நீல ஒளிதான் உறைக்கும். சிவப்பும் மஞ்சளும் அதற்கு ஏறக்குறைய இருட்டு. ஆகவே அரக்குச் சேலையும் சிவப்புத் தலைப்பாகையும் படத்தில் கறுப்பாக விழும். அவுரியில் தோய்த்த நீலத் துணி வெளிறிக் கிடக்கும். வெயிலில் உழைத்தவர்களின் மேனி இருந்ததைவிடக் கருமையாகப் பதியும். வானமோ வெள்ளையாக வெறிச்சோடும். இந்தச் சாம்பல் சாயல்களை வைத்துக்கொண்டு கருவி ஊகித்துத் தரும் நிறத்தைப் பார்த்து, அன்றைய பெண்கள் கறுப்புச் சேலையே உடுத்தினார்கள் என்று ஒருவர் முடிவுகட்டினால் அது பிழையான வரலாறாகிவிடும். நிறம் ஏற்றிப் பகிரத்தான் வேண்டுமென்றால், மூலப் படத்தையும் கூடவே வைத்து, நிறம் பின்னால் சேர்த்தது என்று எழுதிவிடுவது குறைந்தபட்ச நேர்மை.

தலைப்புகளால் வரும் தீங்கு இதைவிடப் பெரிது. கடற்கரையில் மலைபோல மூட்டைகள் அடுக்கிய 1877 காலத்துப் படம் ஒன்று உண்டு. 1876–78 பெரும் பஞ்சத்தின்போது நாட்டிலிருந்து தானிய ஏற்றுமதி தடை செய்யப்படவில்லை என்பது உண்மை. அதே காலத்தில் வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் அரிசி கடல் வழியாகச் சென்னைக்கு வந்து இறங்கியது என்பதும் உண்மை. படத்தில் உள்ள மூட்டைகள் போகின்றனவா, வந்தனவா என்பதைப் படம் மட்டும் சொல்லாது. "ஏற்றுமதிக்குக் காத்திருக்கும் தானியம்" என்று ஒருவரும் "பஞ்ச நிவாரணத் தானியம்" என்று இன்னொருவரும் அதே படத்துக்குக் கீழே எழுதுகிறார்கள். இரண்டுமே ஆத்திரத்தையோ ஆறுதலையோ எளிதாகக் கிளப்பும் வரிகள். பஞ்சத்தில் மாண்டவர்களுக்கு நாம் காட்டும் மரியாதை, துறைமுகப் பதிவேட்டோடும் நாளிதழ்ச் செய்தியோடும் ஒப்பிட்டுப் பார்க்கும் வரை அந்த வரியை நிறுத்தி வைப்பதில்தான் இருக்கிறது. விவரக்குறிப்பு எழுதும்போது படத்தில் கண்ணுக்குத் தெரிவதை ஒரு பகுதியாகவும், அட்டையிலோ பின்புறத்திலோ எழுதியிருப்பதை மற்றொரு பகுதியாகவும், நமது கணிப்பை மூன்றாவதாகவும் பிரித்து எழுதுவது எங்கள் தொழிலின் வழக்கம். வீட்டிலும் இதைப் பின்பற்றலாம்; கடினமில்லை.

பழைய தலைப்புகளில் கப்பலுக்குப் பெயர் இருக்கும், கட்டடத்துக்குப் பெயர் இருக்கும், அதிகாரிக்குப் பட்டத்தோடு பெயர் இருக்கும். உழைத்தவர்களுக்கு "படகோட்டிகள்", "கூலிகள்" என்று கூட்டுப் பெயர்தான். 1860-ல் ட்ரூரோ என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளாக 342 பேரை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் புறப்பட்டது. இரும்புப் பாலம் திறக்கப்படாத காலம் அது. அவர்களும் அலைமேல் படகில் போய்த்தான் கப்பல் ஏறியிருக்க வேண்டும். மொரீஷியஸுக்குப் போனவர்களின் நிலை வேறுவிதமானது. ஒப்பந்தம் முடிந்த தொழிலாளர்கள் புகைப்படம் ஒட்டிய அனுமதிச் சீட்டை வைத்திருக்க வேண்டும் என்று 1867-ல் அங்கே சட்டம் வந்தது. கண்காணிப்பதற்காக எடுத்த அந்தப் படங்கள் இன்று அந்நாட்டின் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணங்களில் இருக்கின்றன. ஒவ்வொரு முகத்தோடும் பெயரும் எண்ணும் இணைந்திருப்பதால், தங்கள் முன்னோரைத் தேடும் குடும்பங்கள் அங்கே முகத்தையே கண்டடைய முடிகிறது. முகமும் பெயரும் ஒரே தாளில் சேர்ந்திருந்ததால் விளைந்த பயன் அது. நம் வீட்டுப் படங்களில் நாம் பிரித்துவிடுவதும் இந்த இணைப்பைத்தான்.

வீட்டுப் படங்கள் துறைமுக வரலாற்றுக்கு எதற்கு என்று கேட்கலாம். அரசு ஆவணக் காப்பகத்திலும் அஞ்சலட்டைகளிலும் உள்ளவை பெரும்பாலும் கப்பலில் வந்து இறங்கியவரின் பார்வை. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் மண்ணடியிலும் தண்டையார்பேட்டையிலும் உள்ள குடும்பங்களின் இரும்புப் பெட்டிகளில் இருப்பவை கரையிலேயே வாழ்ந்தவர்களின் படங்கள்: துறைமுகச் சங்கத்தின் குழுப்படம், கிரேன் ஓட்டுநரின் சீருடைப் படம், திருமணத்துக்கு முன் ஸ்டூடியோவில் திரைச்சீலைக்கு முன்னால் எடுத்தது. ஒரு ஊரின் மறுபாதி அந்தப் பெட்டிகளில் இருக்கிறது.

அவற்றைக் கெடுப்பவை நாம் நல்லெண்ணத்தோடு செய்யும் காரியங்களே. லேமினேஷன் செய்த படத்தை மீட்பது ஏறக்குறைய முடியாது. சூடும் பசையும் மேற்பரப்போடு ஒட்டிவிடும். ஒட்டும் பக்கங்களும் பிளாஸ்டிக் தாளும் கொண்ட ஆல்பங்கள் மெல்ல மெல்லப் படத்தை மஞ்சளாக்கும். செல்லோடேப் வேண்டவே வேண்டாம். பின்புறத்தில் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்புறத்தில் தடம் விழும். மென்மையான பென்சிலால், ஓரமாக, சுருக்கமாக எழுதலாம். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் பூஞ்சை விரைவில் பிடிக்கும் என்பதால், மொட்டைமாடிக்குக் கீழுள்ள பரணிலும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியிலும் வைக்காமல், வீட்டின் உள்ளறையில், அமிலமில்லாத காகித உறைகளில், தரையிலிருந்து உயர்த்தி வைக்க வேண்டும். பூஞ்சையை ஈரத் துணியால் துடைத்தால் படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் பரப்பும் சேர்ந்து உரிந்து வந்துவிடும். நெகட்டிவ் பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அந்தச் சுருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துவிட வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நனைந்த ஆல்பங்களை, அவசரத்தில் ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்து இழந்தவர்கள் ஏராளம். ஒட்டிக்கொண்ட காகிதப் படங்களைப் பிய்க்கக் கூடாது. சுத்தமான குளிர்ந்த நீரில் சிறிது நேரம் மிதக்கவிட்டால் பல தாமாகவே பிரியும். பிறகு நிழலில், முகம் மேலே பார்த்திருக்க, சுத்தமான துணியின் மேல் காற்றாட உலர்த்தலாம். ஒரே நாளில் கையாள முடியாத அளவு இருந்தால், பிளாஸ்டிக் பையில் கட்டி உறைநிலைப் பெட்டியில் வைத்துவிட்டு, பழகியவர்களின் உதவியோடு பிறகு எடுக்கலாம். கண்ணாடித் தட்டுகளுக்கு இந்த முறை எதுவும் பொருந்தாது. அவற்றை நீரிலும் இடக்கூடாது, உறையவும் வைக்கக்கூடாது.

ஸ்கேன் செய்பவர்கள் படத்தை மட்டும் எடுக்காமல், அது ஒட்டியிருக்கும் அட்டை முழுவதையும், நான்கு ஓரங்களும் தெரியும்படி, 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவிலாவது, தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமித்து, பகிர்வதற்கு வேண்டிய சிறிய நகலை அதிலிருந்து தனியே எடுத்துக்கொள்ள வேண்டும். பின்புறத்தையும் தனிக் கோப்பாக எடுங்கள். பர்மாவிலிருந்து கப்பலில் வந்திறங்கிய பல குடும்பங்களிடம் இருக்கும் படங்களில் ரங்கூன் ஸ்டூடியோவின் முத்திரை பின்புறத்தில்தான் இருக்கிறது. அந்தப் படம் எந்தக் கரையில் எடுத்தது என்று சொல்ல வேறெந்தத் தடயமும் இராது. படத்தில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் இருந்தால், இடமிருந்து வலமாக விரல் வைத்துப் பெயர், உறவு, ஊர், செய்த வேலை ஆகியவற்றைச் சொல்லச் சொல்லிக் கைப்பேசியில் குரலாகப் பதிவுசெய்து, அந்தப் பதிவுக்கும் ஸ்கேன் கோப்புக்கும் ஒரே எண்ணை இட்டு வையுங்கள். ஓரத்தில் பாதி முகம் மட்டும் தெரியும் ஆளையும் மறக்காமல் கேளுங்கள். அவர் பெயர் அந்தப் பெரியவருக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.