அடுக்கு கேக் காரில் ஏன் சரிகிறது?

காரில் கேக் எடுத்துப் போகிறவர்கள் பெரும்பாலும் குழிக்கும் ஸ்பீட் பிரேக்கருக்கும்தான் பயப்படுவார்கள். மெதுவாக ஏறி இறங்கினால் குழி அவ்வளவு பெரிய எதிரி இல்லை. அங்கே கேக் மேலும் கீழும்தான் அதிரும், அந்தச் சுமையைத் தாங்கத்தான் உள்ளே குச்சிகள் நிற்கின்றன. கேக்கைக் கெடுப்பது வளைவும் பிரேக்கும்.

அதற்காகக் கேக் அப்படியே குப்புற விழுந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 25, 20, 15 செ.மீ. விட்டத்தில், ஒவ்வொன்றும் 12 செ.மீ. உயரத்தில் மூன்று அடுக்குகள் என்று வைத்துக்கொள்வோம். அகலமான கீழடுக்கில் எடை அதிகம் என்பதால், மொத்தக் கேக்கின் எடை மையம் அடியிலிருந்து சுமார் 14 செ.மீ. உயரத்திலேயே இருக்கும். அடியின் பாதி அகலமோ 12.5 செ.மீ. இது மொத்தமாகக் கவிழ வேண்டுமானால், கேக்கின் எடையில் 90 சதவீதத்துக்குச் சற்றே குறைவான விசை பக்கவாட்டில் தள்ள வேண்டும். சாதாரண ஓட்டத்தில் அவ்வளவு வராது.

ஆனால் கேக் ஒரே கட்டை இல்லையே. ஸ்பாஞ்சுக்கு நடுவே க்ரீம், அதன்மேல் ஓர் அட்டை, அதன்மேல் அடுத்த அடுக்கு. கார் நின்றாலும் கேக் அதுவரை போன வேகத்திலேயே முன்னே போகப் பார்க்கும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் காரை 5 விநாடியில் நிறுத்தினால், ஒரு கிலோ மேலடுக்கை 280 கிராம் எடை முன்னோக்கித் தள்ளுவதுபோல இருக்கும். பதறி 2 விநாடியில் நிறுத்தினால் அது 700 கிராம் ஆகிவிடும். வளைவு இன்னும் மோசம். 15 மீட்டர் ஆரமுள்ள திருப்பத்தில் 20 கி.மீ. வேகத்தில் திரும்பினால் பக்கவாட்டுத் தள்ளல் 210 கிராம்தான். 40 கி.மீ. வேகத்தில் அதே திருப்பத்தில் 840 கிராம். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளல் நான்கு மடங்காகிறது.

இப்போது கீழடுக்குக்குள் இருக்கும் குச்சிகளைப் பாருங்கள். மேலடுக்கின் எடையை நேராக அடி அட்டைக்கு இறக்குவதுதான் அவற்றின் வேலை. கீழே அழுத்தினால் அசையாது, பக்கவாட்டில் தள்ளினால் கதை வேறு. கால்கள் ஆடிப்போன பழைய மேசையைத் தள்ளினால் நான்கு காலும் ஒரே பக்கம் சாயுமே, அதேபோல எல்லாக் குச்சிகளும் சேர்ந்து சாயும். அவற்றைச் சுற்றிப் பிடித்திருப்பது மெத்தென்ற ஸ்பாஞ்ச் மட்டுமே. ஒவ்வொரு திருப்பத்திலும் குச்சி தன் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தும். நான் ஒருமுறை கொண்டுபோன கேக்கில் மேலடுக்கு ஒரு விரல்கடை நகர்ந்திருந்தது. வெட்டிப் பார்த்தபோது, குச்சி நின்ற துளைகள் வட்டமாக இல்லை, நீளவாட்டில் கிழிந்திருந்தன.

இதற்கு நல்ல மருந்து நடுக்குச்சி. பென்சில்போல ஒரு முனையைக் கூராக்கிய நீளமான குச்சியை மேலடுக்கிலிருந்து, நடுவிலுள்ள அட்டைகளையும் துளைத்து, அடிப்பலகையில் குத்தி நிற்கும்வரை தட்டி இறக்குவார்கள். அதன்பின் அடுக்குகள் தனித்தனியாக வழுக்க முடியாது. அடுக்கடுக்காகத் தனிப் பெட்டிகளில் கொண்டுபோய், போன இடத்தில் அடுக்குவது இன்னும் நிம்மதி. கையில் நேரம் இருந்தால் நான் அதைத்தான் செய்வேன்.

அப்புறம் குளிர். பட்டர்க்ரீம் பற்பசை மாதிரி ஒரு பொருள். குறிப்பிட்ட அளவு தள்ளும்வரை திடப்பொருளாக நடிக்கும், அதைத் தாண்டினால் ஓடும். அந்த அளவைத் தீர்மானிப்பது வெண்ணெயில் உள்ள கொழுப்புப் படிகங்கள். ஃப்ரிட்ஜில் அவை இறுகி, க்ரீமைக் கெட்டியாக்கிவிடும். 20 டிகிரியைத் தாண்டினால் இளகும், 35 டிகிரியை நெருங்கும்போது பெரும்பாலும் உருகியே போகும். வெயிலில் நின்ற காரின் உள்ளே சூடு அதையும் எளிதாகத் தாண்டிவிடும், அதனால் கேக்கை ஏற்றுவதற்கு முன்பே ஏசியை ஓடவிட வேண்டும். ஸ்பாஞ்சில் நிறையக் காற்று இருப்பதால் வெளிச்சூடு உள்ளே போக நேரமாகும். இரவு முழுக்கக் குளிர்ந்த கேக் தாக்குப்பிடிப்பது இதனால்தான். ஒரே தொல்லை, குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியும். கேக்கின்மேல் போர்த்தும் ஃபாண்டன்ட் கிட்டத்தட்ட முழுக்கச் சர்க்கரை, ஈரம் பட்டதும் பிசுபிசுக்கும். குளிர் தணியும்வரை பெட்டியைத் திறக்காதீர்கள்.

காரில் எங்கே வைப்பது? சீட்டில் வேண்டவே வேண்டாம். ஆள் முன்னால் வழுக்கிவிடக் கூடாது என்று சீட் பின்னோக்கிச் சரிந்திருக்கும். அந்தச் சரிவு 10 டிகிரி என்றால், கார் நின்றிருக்கும்போதுகூட ஒரு கிலோவை 170 கிராம் அளவுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். மடியில் வைத்தாலும் அதே கதைதான், தொடை ஒருபோதும் சமமாக இருக்காது. டிக்கியின் தரை சமமாக இருக்கும், ஆனால் பின்சக்கரத்துக்குப் பின்னால் இருப்பதால் குலுக்கல் சற்று அதிகம். உயரம் கொள்ளுமானால் முன்சீட்டுக்கு முன்னே கால் வைக்கும் இடம் நல்லது, அங்கேயும் தரை சமமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கே வைத்தாலும் பெட்டிக்கு அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்று, அடிப்பலகைக்கும் பெட்டிக்கும் நடுவே இன்னொன்று. பலர் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். பெட்டி நகராது, உள்ளே கேக் மட்டும் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும்.

ஓட்டுகிறவருக்கு ஒன்று. கார் நிற்கப்போகும் கடைசி நொடியில் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்துங்கள். முன்னோக்கிய தள்ளல் சட்டென்று அறுந்தால் மேலடுக்கு பின்பக்கமாக ஆடும், அந்தக் கடைசி ஆட்டத்தில்தான் பல க்ரீம் பூக்கள் உதிர்கின்றன.