குளிசை போட்டும் பூச்சி வரேல்லையே!

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, நேற்று இரவு சின்னவனுக்குப் பூச்சிக் குளிசை குடுத்தனான். இண்டைக்கு வெளிக்குப் போகேக்க வடிவாப் பார்த்தன், ஒரு பூச்சியும் வரேல்லை. குளிசை பழசோ? இன்னொண்டு குடுக்கட்டே?"

"வேண்டாம் அக்கா" என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் வேண்டாம் என்பதுதான் வேலியோரத்தில் நின்று சொல்லி முடிக்கிற கதை இல்லை.

அக்காவின் எதிர்பார்ப்பில் பிழை சொல்ல முடியாது. எங்கள் வயதுக்காரருக்குப் பூச்சி மருந்து என்றால் பள்ளி விடுமுறையில் ஒரு விடியற்காலை, வெறும் வயிறு, மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கிய ஆமணக்கெண்ணெய், மேலே ஒரு முடறு தேத்தண்ணி. அப்புறம் மத்தியானம் வரை மலசலகூடத்துக்கும் திண்ணைக்கும் நடை. ஒன்றிரண்டு புழு கண்ணில் பட்டால்தான் அம்மம்மாவுக்குத் திருப்தி.

ஆனால் ஆமணக்கெண்ணெய் புழுவைக் கொல்வதில்லை, குடலைக் கழுவித் தள்ளுகிறது, அவ்வளவுதான். ஒரு சாண் நீளத்துக்கு வளரும் வட்டப்புழு குடற்சுவரில் ஒட்டியிருப்பதில்லை, உள்ளே நெளிந்து எதிர்நீச்சல் போட்டபடி நிற்கிறது. அதில் சிலது வெள்ளத்தில் அடிபட்டுப் போகலாம். சுவரைக் கடித்துப் பிடித்து இரத்தம் குடிக்கும் கொக்கிப்புழு அசையாது. பிறகு பிப்பெரசின், பைரன்ரெல் போன்ற மருந்துகள் வந்தன. பிப்பெரசின் புழுவின் தசையைத் துவளச் செய்யும், பைரன்ரெல் விறைக்கச் செய்யும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றின் வேலையை மற்றது கெடுத்துவிடும். எப்படியோ, அசைய முடியாத புழு முழு உருவோடு வெளியே வந்தது. எங்கள் கண்ணுக்குப் பழகிய காட்சி அது.

இப்போது பாமசியில் தருவது பெரும்பாலும் மெபெண்டசோல் அல்லது அல்பெண்டசோல். இரண்டும் ஒரே குடும்பத்து மருந்துகள், ஆனால் வேலை செய்யும் விதம் அந்தப் பழைய மருந்துகளிலிருந்து முற்றிலும் வேறு. புழுவின் கலங்களுக்குள் தியூபுலின் என்ற புரதத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நுண்ணிய குழாய்களாக நிற்கின்றன. கலத்தைத் தாங்கும் பனஞ்சிலாகையும் அவைதான், உள்ளே சாமான் ஏற்றி இறக்கும் ஒழுங்கையும் அவைதான். வீட்டுச் சிலாகை மாதிரி ஒருமுறை போட்டால் அப்படியே கிடப்பவை அல்ல. ஓயாமல் கழன்றுகொண்டும் கூடிக்கொண்டும் இருப்பவை. மருந்து ஒட்டிய தியூபுலின் துண்டு அடுக்கில் ஏறாது. கழல்வது மட்டும் நடக்கும், கூடுவது நின்றுபோகும். குழாய்கள் குலைந்த புழுவால் குளுக்கோசை உறிஞ்ச முடியாது. தன்னிடம் கிளைக்கோசன் என்ற வடிவில் சேமித்த சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கும், பிறகு பட்டினியில் பிடி தளரும். இதெல்லாம் நடந்து புழு வெளியேற மூன்று நாள் வரைகூட ஆகலாம். செத்த புழு செரித்து உருத்தெரியாமல் மலத்தோடு மலமாய்ப் போய்விடுவதும் உண்டு. அக்கா தேடிய காட்சி இந்த மருந்தில் இல்லை.

சரி, தியூபுலின் நம் கலங்களிலும் இருக்கிறதே, நமக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? முதலாவது, இந்த மருந்துக்குப் புழுவின் தியூபுலினில் உள்ள பிடிப்பு நம்முடையதில் இல்லை. இரண்டாவதுதான் எனக்குப் பிடித்த காரணம்: மருந்து இரத்தத்துக்குள் அவ்வளவாகப் போவதே இல்லை. பெரும்பகுதி குடலிலேயே நின்று வேலையை முடித்துவிட்டு வெளியேறிவிடும். உள்ளே போகிற கொஞ்சத்தையும் ஈரல் மாற்றிவிடுகிறது.

இதன் அருமை தெரிய நூறு வருடம் பின்னால் போக வேண்டும். 1916 இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் அமைப்பு இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. அந்தக் காலத்து மருந்துகளில் ஒன்று தைமோல். ஓமத்தை உள்ளங்கையில் தேய்த்தால் வரும் அந்தக் காரமணம்தான் தைமோல். புழுவைக் கொல்லத் தேவையான அளவு மனிதருக்கும் கிட்டத்தட்ட நஞ்சு. அதனால் மருந்தோடு எண்ணெயும் சாராயமும் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்வார்கள். இரண்டிலும் தைமோல் கரையும், கரைந்தால் இரத்தத்தில் ஏறிவிடும்.

அல்பெண்டசோலுக்கும் எண்ணெய்க்கும் இதே உறவு உண்டு. கொழுப்புச் சாப்பாட்டோடு எடுத்தால் அது பல மடங்கு உடம்பில் சேரும். மூளையிலோ ஈரலிலோ ஒட்டுண்ணிக் கட்டி இருப்பவருக்கு டொக்டர் வேண்டுமென்றே கொழுப்போடு எடுக்கச் சொல்வார். குடற்புழுவுக்கு அது தேவையில்லை. ஆட்டிறைச்சிக் கறியோடு ஒரு குளிசை போட்டுவிட்டால் ஆபத்து என்று பயப்படவும் வேண்டாம்.

எந்தக் குளிசை என்பதும் புழுவைப் பொறுத்தது. வட்டப்புழுவுக்கு இரண்டுமே கெட்டி. கொக்கிப்புழுவில்தான் வித்தியாசம். பல ஆய்வுகளைச் சேர்த்து 2008 இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, ஒரே ஒரு வேளை அல்பெண்டசோலில் 100 பேரில் 72 பேர் குணமானார்கள், மெபெண்டசோலில் 15 பேர்தான். இன்னொரு குடற்புழுவான சவுக்குப்புழுவுக்கு இரண்டுமே ஒரு வேளையில் பாதிப் பேரைக்கூடக் குணமாக்கவில்லை. அதனால்தான் மெபெண்டசோலைச் சிலருக்கு 100 மில்லிகிராம் வீதம் காலையும் மாலையும் மூன்று நாள் எழுதுகிறார்கள். முகத்தில் தேமல், இரவில் பல் நறுமுதல் என்பதை வைத்து மருந்து தெரிவு செய்வதில் பிரயோசனம் இல்லை. ரொபி தின்றால் பூச்சி வரும் என்பதும் பிள்ளையின் கையிலிருந்து ரொபியைப் பறிக்க மட்டும் உதவும்.

அளவு எளிது: இரண்டு வயதுக்கு மேல் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் அதில் பாதி. மெபெண்டசோல் ஒரே வேளை என்றால் 500. ஒரு வயதுக்குக் கீழே டொக்டரிடம் கேட்காமல் கொடுக்கக்கூடாது. பள்ளியில் கொடுத்திருந்தால் வீட்டில் திரும்பக் கொடுக்க வேண்டியதில்லை. குளிசையின் நஞ்சைவிட எனக்குப் பயம், அழுகிற பிள்ளையின் மூக்கைப் பொத்தி அதை வாயில் திணிப்பதில். குளிசை தொண்டையில் அடைத்துப் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். நசுக்கித் தண்ணீரில் குழைத்து, பிள்ளை அழுகையை நிறுத்திய பிறகு கொடுங்கள்.

வயிற்றோட்டத்துக்கு வாங்கி மிச்சம் கிடக்கிற மெற்றோனிடசோலையும் மெபெண்டசோலையும் ஒன்றாகப் போடாதீர்கள். தோல் கழன்று விழுகிற அளவுக்குக் கடுமையான ஒவ்வாமையோடு இந்தச் சோடியைத் தொடர்புபடுத்தியிருக்கிறார்கள். ஆட்டுக்கு வாங்கிய பூச்சி மருந்தை மனிதருக்குக் கொடுப்பதும் வேண்டாம், பெயர் ஒன்றாக இருந்தாலும் செறிவு வேறு. வயிறு ஊதி, கல்லுப்போல் இறுகி, வாந்தியும் இருந்தால் குளிசையைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வட்டப்புழுக்கள் பந்தாகத் திரண்டு குடலை அடைத்திருக்கலாம்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் இலங்கைக்கு ஒரு பெருமை உண்டு. 100 கொக்கிப்புழு நாளுக்கு 3 மில்லிலீற்றர் இரத்தமாவது குடிக்கும். ஏற்கெனவே இரத்தம் குறைந்த தாய்க்கு அது சின்ன விஷயமில்லை. ஆனால் மருந்து சிசுவைப் பாதிக்குமா? பேராசிரியர் நிலாந்தி டி சில்வாவும் குழுவினரும் 7,000 க்கு மேற்பட்ட தாய்மாரை ஆராய்ந்து 1999 இல் வெளியிட்டார்கள். மெபெண்டசோல் எடுத்தவர்களின் பிள்ளைகளில் பிறவிக் குறைபாடு குறிப்பிடும்படி கூடவில்லை, செத்துப் பிறப்பது குறைந்திருந்தது. இருந்தாலும் முதல் மூன்று மாதம் தவிர்க்கச் சொன்னார்கள். அதன் பிறகு கிளினிக்கில் தரும் குளிசையைப் பயமின்றி எடுக்கலாம்.

இனி அக்காவின் சின்னவன். அவனுக்கு இரவில் ஆசனவாயைச் சொறிகிற வேலை என்றார். அது கீரிப்பூச்சியின் அடையாளம். வெள்ளை நூல் துண்டு மாதிரிப் பெண்புழு, பிள்ளை நித்திரையான பிறகு வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி ஆயிரக்கணக்கில் முட்டை இடும். சொறிந்த கையின் நகத்துக்குள் முட்டை போகும், சில மணி நேரத்தில் தொற்றத் தயாராகிவிடும், விரல் வாய்க்குப் போகும். பரிசோதிக்க விருப்பமானால், விடிய எழும்பியவுடன் கழுவுவதற்கு முன் செலோரேப் துண்டை அந்த இடத்தில் ஒட்டி எடுத்து, கண்ணாடித் துண்டில் ஒட்டி ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கலாம். மலத்தைச் சோதித்தால் பெரும்பாலும் முட்டை அகப்படாது.

மருந்து புழுவைக் கொல்லும், பாயிலும் தலையணை உறையிலும் கிடக்கும் முட்டையை ஒன்றும் செய்யாது. அந்த முட்டைகள் இரண்டு மூன்று கிழமை உயிரோடிருக்கும். ஆகவே அக்கா கேட்ட "இன்னொண்டு" கட்டாயம் வேண்டும், இரண்டு கிழமை கழித்து. புதிதாக வளர்வது முட்டை இடுவதற்கு முன் அகப்பட்டுவிடும். அதுவும் சின்னவனுக்கு மட்டும் இல்லை, வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில்.

"எனக்குமோ?" என்றார் அக்கா.

"அத்தானுக்கும்தான். நகத்தையும் வெட்டி, படுக்கை விரிப்பைச் சுடுதண்ணியில தோயுங்கோ."